கையெழுத்தில்லாத வாக்குமூலமும் கூண்டில் ஏறும் சாட்சியும்

சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை பெற்ற வாசகர்கள், அதில் குறித்த நாள் நெருங்க நெருங்க மனம் குழம்பி எழுதிய கடிதங்கள் சில வாரங்களாகவே இங்கே சேர்ந்து கிடக்கின்றன. மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், மில் தொழிலாளி, கல்லூரி மாணவி என்று எழுதியவர்கள் பலதரப்பட்டவர்களாயினும் அவர்களை வருத்தும் சந்தேகம் அநேகமாக ஒன்றேதான்: சம்பவம் நடந்த சமயத்தில் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து விசாரித்து ஏதோ எழுதிக்கொண்டு போனார், அதில் என்ன இருக்கிறது என்பது இன்றுவரை தமக்குத் தெரியாது, கூண்டில் ஏறியபின் அந்தக் காகிதத்துக்கு ஏற்பப் பேசுவதா, தம் ஞாபகத்துக்கு ஏற்பப் பேசுவதா? சிலருக்கு அடுத்த வாரமே வாய்தா என்பதால் இதை எழுதுவதை இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை. பிரமாணம் எடுப்பது எப்படி, முதல் விசாரணை எது, குறுக்கு விசாரணை எது என்பனவற்றைத் தமிழ் சினிமா பார்த்த எவரும் அறிவாராகையால் அவற்றை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தைப் பற்றியே முதலில் சொல்கிறேன். நமது குற்றவியல் நடைமுறையில் அதனினும் விசித்திரமான சாதனம் வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

போலீசாரிடம் கொடுக்கும் இந்த வாக்குமூலத்தை வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் இன்றும் ‘161 ஸ்டேட்மெண்ட்’ என்றே அழைக்கிறார்கள். 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு 180 ஆகவும், அதன் பயனை வரையறுக்கும் 162-ஆம் பிரிவு 181 ஆகவும் எண் மாறி நிற்கின்றன. காலனி ஆட்சியின் சட்டங்களைக் களைந்து புதியதொரு நியாய முறையை நிறுவிவிட்டதாக அரசாங்கம் அப்போது செய்த பிரகடனங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்விரு பிரிவுகளையும் பழைய வாசகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், இந்த இடத்தில் களையப்பட்டது மிகச் சொற்பம் என்பதைச் சிரமமின்றிக் கண்டுகொள்வார்கள்.

விதிகள் இவை. விசாரிக்கும் அதிகாரி, சாட்சி சொல்வதை எழுத்தில் பதிவு செய்யலாம். பதிவு செய்தால் ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாக, உள்ளபடி எழுதவேண்டும். எழுதியதில் சொன்னவர் கையெழுத்திடக் கூடாது. கையெழுத்து அவசியமில்லை என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை, கூடாது என்றே தடுக்கிறது. அந்த எழுத்து வழக்கில் ஆதாரமாக நிற்காது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டுமே அதை எடுக்கலாம். சாட்சி கூண்டில் நின்று சொல்வது அதனோடு முரண்பட்டால், அந்த முரணை எடுத்துக் காட்டுவதற்கு எதிரித் தரப்பு அதைப் பயன்படுத்தலாம். நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அரசுத் தரப்பும் பயன்படுத்தலாம். குற்றப்பத்திரிகையோடு அதன் நகலை எதிரிக்கு இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தும் சட்டம், சொன்ன சாட்சிக்கு நகல் தரும்படி எங்கும் பணிக்கவில்லை. ஆக, தாம் எழுதாததும், தமக்கு வாசித்துக் காட்டப்படாததும், தாம் கையெழுத்திட இயலாததும், தம்முடைய சொல்லை மெய்யென்று காட்டச் சிறிதும் உதவாமல் பொய்யென்று காட்டுவதற்கு மட்டுமே உதவுவதுமான ஒரு காகிதத்தை, தமக்கு எதிரே நிற்கும் வழக்கறிஞர் வரிவரியாகப் படித்து வைத்திருக்க, தாம் மட்டும் படிக்காமல் கூண்டில் ஏறுகிறார் நமது சாட்சி.

இந்த ஏற்பாடு மூடத்தனத்தால் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடைமுறைச் சட்டங்களை வகுத்த வெள்ளைக்கார சர்க்கார் தான் நியமித்த போலீசாரையே நம்பவில்லை. மிரட்டியோ ஆசை காட்டியோ எழுதி வாங்கிய வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்தும் இருந்துவிட்டால், சாட்சியானவன் அதற்குக் கட்டுண்டவனாகத் தன்னை எண்ணிக்கொண்டு, நியாயாதிபதியின் முன்னிலையிலும் அதையே ஒப்பிப்பானே தவிர உண்மையைச் சொல்லத் துணியமாட்டான் என்ற அச்சத்தினால்தான் கையெழுத்தைத் தடுத்தார்கள். அந்த யோசனையில் ஒரு சாமர்த்தியம் இருப்பதை மறுப்பதற்கில்லை. போலீஸ் நிலையத்தில் சொன்னதிலிருந்து கூண்டில் நிற்பவனை அது விடுவிக்கிறது. ஆனால் விடுவித்த கையோடு, அவன் பார்த்திராத அந்தப் பதிவைக் கொண்டே அவனுடைய நாணயத்தைப் பரிசோதிக்கவும் இடம் வைத்தார்கள் என்பதே என்னை உறுத்துகிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருக்கும் ஒருவரின் கண்ணெதிரே லாரி ஒன்று சைக்கிள்காரர் மேல் மோதிவிடுகிறது. மாலையில் வந்த உதவி ஆய்வாளரிடம் அவர், “லாரி வந்துச்சுங்க, சைக்கிள்காரரு திடீர்னு திரும்புனாரு, இடிச்சிருச்சு, ஆரன்கூட அடிக்கலீங்க” என்கிறார். காகிதத்தில் ஏறும்போது அது, மேற்படி லாரியை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார் என்று உருமாறுகிறது. குற்றப்பிரிவு வேண்டுவது அந்த இரு லட்சணங்களையே. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் எழுதப்படும் விபத்து வாக்குமூலங்களைச் சிறிது புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர் மனப்பாடமாகிவிடும். சைக்கிள்காரர் திரும்பியது விடுபடுகிறது; ஆரன் அடிக்காததும் விடுபடுகிறது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு விட்டார் என்று நான் சொல்லவரவில்லை. பந்தோபஸ்து, வாகனச் சோதனை, பிரேத விசாரணை என்று பொழுதெல்லாம் அலைந்து, நிலையத்துக்குத் திரும்பியபின் உட்கார்ந்து நாலைந்து பேருடைய வாக்குமூலங்களை ஒரே மூச்சில் எழுதும் மனிதர், வழக்குக்கு வேண்டியது என்று தமக்குத் தோன்றியதை எழுதுகிறார், அவ்வளவே.

வருஷங்கள் கழிகின்றன. கடைக்காரர் கூண்டில் ஏறி, தம் நினைவில் நிற்கிறபடி, சைக்கிள் திரும்பியதையும் சொல்கிறார், ஆரன் ஒலிக்காததையும் சொல்கிறார். முன்னது அரசுத் தரப்புக்குப் பாதகம். பின்னது எதிரித் தரப்புக்குப் பாதகம். உடனே இரு தரப்பாரும் ஒரே காகிதத்தைக் கையில் எடுக்கிறார்கள். எதிரியின் வழக்கறிஞர், “ஆரன் அடிக்கவில்லை என்று போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை” என்கிறார். கடைக்காரர், “சொன்னேன்” என்கிறார். பின்னொரு வாய்தாவில் விசாரணை அதிகாரி கூண்டில் நின்று, வழக்குக் கட்டைப் பார்த்து, அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி அவ்வாறு தம்மிடம் சொல்லவில்லை என்று பதிலளிக்கிறார். இந்தச் சம்பாஷணை நடக்கும் நாளில் கடைக்காரர் தம் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருப்பார். அவர் இல்லாத இடத்தில், அவர் கேட்டிராத ஒரு வாக்கியத்தின் மூலம், உண்மை பேசியவர் கதையை வளர்த்துச் சொன்னவராகப் பதிவேட்டில் நின்றுவிடுகிறார்.

எழுதாமல் விடுபட்டதெல்லாம் முரண்பாடாகிவிடுமா என்பதை உச்ச நீதிமன்றம் 1959-இல் தாசில்தார் சிங் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. உத்தரப் பிரதேசத்துக் கொள்ளைக் கூட்டத்தார் மேல் நடந்த அந்தக் கொலை வழக்கில், காஸ் விளக்கு இருந்ததைப் போலீசாரிடம் சொன்னீரா என்று சாட்சியைக் கேட்க எதிரித் தரப்பு முயல, அமர்வு நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. இராக்காலத்தில் நடந்த கொலையில் ஆளை அடையாளம் கண்டது எந்த வெளிச்சத்தில் என்பதைக் காட்டிலும் பெரிய கேள்வி வேறென்ன இருக்கமுடியும் என்று பாமரனும் கேட்பான். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கே. சுப்பாராவ், சொல்லாமல் விட்டது அனைத்தும் முரணாகாது, எழுதியிருப்பதோடு சேர்ந்து நிற்கமுடியாததே முரண் என்று வரையறுத்தார். குத்தியவன் வடக்குச் சந்து வழியாக ஓடினான் என்று வாக்குமூலத்தில் இருக்க, தெற்குச் சந்தில் ஓடினான் என்று கூண்டில் சொல்வது அத்தகையது. பின்னர் வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டம், முக்கியமானதும் சந்தர்ப்பத்துக்குப் பொருந்துவதுமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதும் முரண்பாடாகலாம், ஆகுமா என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று ஒரு விளக்கத்தை 162-இல் சேர்த்தது. புதிய சட்டமும் அதைச் சுமந்து வருகிறது. முக்கியம் எது என்பதை நீதிபதி தீர்மானிப்பதற்கு வெகுகாலம் முன்பே, எழுதும்போதே, உதவி ஆய்வாளர் தீர்மானித்துவிடுகிறார் என்பதை அந்த விளக்கம் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட அமைப்பின் நடுவில் நேர்மையாகச் சாட்சி சொல்ல விரும்புகிறவர் என்ன ஆயத்தம் செய்துகொள்வது? தாம் கண்டது ஒன்று, போலீசாரிடம் தாம் சொன்னது ஒன்று, அவர்கள் எழுதியது ஒன்று என்று இம்மூன்றையும் மனத்தில் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைத்துக்கொள்வதே முதல் ஆயத்தம். “சொன்னேன், எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது, எனக்கு வாசித்துக் காட்டவில்லை” என்பது முழுமையான பதில். “சொன்னேனா என்பது இப்போது நினைவில்லை” என்பதும், அது உண்மையாயின், முழுமையான பதிலே. காகிதத்தைக் காப்பாற்றுவதற்காகத் தம் ஞாபகத்தை வளைப்பதும், ஞாபகத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாததைச் சொன்னதாக அடித்துப் பேசுவதும் ஒரே வகைப் பிழை.

இதற்கு, வேறெவரோடும் கலந்து பேசுவதற்கு முன் ஒருநாள் தனியே உட்கார்ந்து, நடந்ததை ஆதியிலிருந்து நினைவுகூர்ந்து, எது பிரத்தியட்சம், எது பிறர் சொல்லிக் கேட்டது, எது அனுமானம் என்று தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்துகொள்வது நல்லது. விபத்துச் சாட்சிகளில் அநேகர் மோதியதைப் பார்த்தவர்கள் அல்லர். சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள். திரும்பிய கணத்தில் கண்ட காட்சியிலிருந்து முந்திய கணத்தை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ள, நாளடைவில் அதையும் கண்டதாகவே அவர்கள் நம்பிவிடுகிறார்கள். உடனிருந்த மற்றச் சாட்சியோடு டீக்கடையில் பேசிப் பேசி, அவர் கண்டதும் நாம் கண்டதும் ஒன்றாகிவிடுவதும் இப்படித்தான். வழக்கறிஞர் கேட்பதற்கு முன் அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொண்டுவிட்டால், “சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன்” என்ற பதில் தயங்காமல் வரும். அந்தப் பதிலால் சாட்சியின் மதிப்பு உயருமே தவிரக் குறையாது.

தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டைச் சட்டம் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது என்பதைப் பலர் அறியார். பொய்ச் சாட்சியத்தை வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 227-ஆம் பிரிவில், 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த உதாரணம் ஒன்று இருக்கிறது: இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருந்தார் என்பது தமக்குத் தெரியும் என்று, அதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் பிரமாணத்தின் மேல் சொன்னால், குறிப்பிட்ட ஆள் உள்ளபடியே அங்கே இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சொன்னவர் பொய்ச் சாட்சி சொன்னவரே ஆவார். தற்செயலாக உண்மையோடு ஒத்துப்போனது அவரைக் காப்பாற்றாது. இதற்கு நேர்மாறாக, ஒருவருடைய கையெழுத்தைப் பழகி அறிந்தவர், இது அவருடையதென்று தாம் நம்புவதாக நல்லெண்ணத்தோடு சொல்லிப் பின்னர் அது போலியென்று தெரியவந்தாலும் அவர் குற்றவாளியல்லர். நீதித்துறை நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சி சொன்னவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு என்று பயமுறுத்துபவர்கள், இந்த இரண்டு உதாரணங்களையும் சேர்த்துச் சொன்னால் சாட்சிகளுக்குப் பேருபகாரமாக இருக்கும்.

நினைவில்லை என்று சொன்னால் நீதிபதி என்ன நினைப்பாரோ என்று கூசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983-இல் பார்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிக்குப் புகைப்படம்போன்ற ஞாபகம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றும், நேரத்தையும் கால அளவையும் மனிதர்கள் உத்தேசமாகவே சொல்கிறார்கள் என்றும், நீதிமன்றச் சூழலிலும் குறுக்கு விசாரணையின் கடுமையிலும் மிரண்டுபோகிறவர்கள் முன்பின்னாகக் குழப்பிச் சொல்வது இயல்பே என்றும் எடுத்துச் சொல்லி, சில்லறை வேறுபாடுகளுக்காக ஒரு சாட்சியை ஒதுக்கிவிடக் கூடாது என்றது. எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம் என்று கேட்டால் எண்ணைக் கற்பிக்காமல், இங்கிருந்து அந்த ஜன்னல்வரை என்று காட்டலாம்.

இனி, எல்லோரும் அறிந்தும் எவரும் உரக்கப் பேசாத ஒரு சம்பிரதாயம். சாட்சி சொல்லவேண்டிய நாளின் காலையில், நீதிமன்ற வராந்தாவில், நிலையத்திலிருந்து வந்த காவலர் கட்டைப் பிரித்து வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, “இதேமாதிரி சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. தம்முடைய ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அது சம்பவத்தையொட்டி, நினைவு பசுமையாக இருக்கும்போதே, தாமே எழுதியதற்கு, அல்லது பிறர் எழுதித் தாம் அப்போதே படித்துச் சரியென்று கண்டதற்கு. அதையும் எதிர்த்தரப்பு கேட்டால் காட்டவேண்டும். போலீஸ் வாக்குமூலத்தின் பயனை 181-ஆம் பிரிவு அத்தனை குறுக்கி வைத்திருக்கும்போது, வராந்தாப் பாராயணத்துக்கு அதில் இடம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. வாசித்துக் காட்டிவிட்டார்கள் என்றால் சாட்சி கெட்டுவிட்டார் என்பதில்லை. குறுக்கு விசாரணையில் அதைப் பற்றிக் கேட்கும்போது, போலீசாருக்குச் சங்கடம் வருமே என்று, “யாரும் என்னோடு பேசவில்லை” என்று பதில் சொல்லும் இடத்தில்தான் நேர்மையான சாட்சிகள் பலர் சறுக்குகிறார்கள். “வாசித்துக் காட்டினார்கள், இன்ன இடத்தில் நான் சொன்னது வேறு என்று அவர்களிடமே சொன்னேன்” என்ற விடையை எந்த வழக்கறிஞராலும் அசைக்கமுடியாது.

இதற்கெல்லாம் பரிகாரம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது என்கிறார்கள். வாக்குமூலத்தை ஒலி, ஒளிப் பதிவு செய்யும் வசதி 2009-இன் இறுதியிலேயே சட்டத்தில் நுழைந்தது. செய்யலாம் என்று நுழைந்தது, இன்றும் செய்யலாம் என்றே இருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது அதைக் காணொளியாகப் பதிவு செய்தே தீரவேண்டும் என்கிறது. ஓர் அரிவாளைக் கைப்பற்றுவதற்குக் கட்டாயமான பதிவு, ஒரு மனிதன் சொன்ன சொல்லைக் கைப்பற்றுவதற்கு அதிகாரியின் விருப்பம். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டிக்கத்தக்க வழக்குகளில், போலீசார் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தைக் குற்றவியல் நடுவர் பதிவு செய்யவேண்டும் என்று 183-ஆம் பிரிவு புதிதாகச் சொல்வது மெய்யாகவே ஒரு முன்னேற்றம். ஆனால் அங்கே பிரமாணத்தின் மேல் பேசுகிறோம் என்பதையும், பின்னால் கூண்டில் வேறுவிதமாகச் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கு வழக்கு வரலாம் என்பதையும் மறக்கலாகாது. போலீசாரிடம் சொன்னதற்கு அந்த அபாயம் கிடையாது.

நினைவிலுள்ளதைச் சொன்னதற்காக அரசு வழக்கறிஞரே தம்மைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்துவிட்டதாக ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தம் தரப்புச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றம் அனுமதி தருவது, அவர் பொய்யர் என்ற தீர்ப்பன்று; அத்தகைய சாட்சியின் சொல் முழுவதும் அழிந்துவிடுவதில்லை, நம்பத்தக்க பகுதியை நீதிபதி எடுத்துக்கொள்ளலாம் என்று 1975-ஆம் ஆண்டின் சத்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் எந்தத் தீர்ப்பிலும் மருந்தில்லை.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல இடமிருக்கிறது.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்களே? சட்டப்படி வாங்கியிருக்கக் கூடாது. அதனால் மட்டும் உங்கள் சாட்சியம் செல்லாததாகிவிடாது.

பொருளைக் கைப்பற்றிய மகஜரில் போட்ட கையெழுத்து? அது வேறு, அங்கே கையெழுத்து உண்டு, ஆகவே கண்ணால் பாராத பொருளுக்குக் கையெழுத்திடாதீர்கள், இட்டுவிட்டிருந்தால் இட்டபடியே கூண்டில் சொல்லுங்கள்.

பார்த்தவன் நான் ஒருவன்தான். என் சொல் போதுமா? போதும், 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் சென்னை ராஜ்யத்திலிருந்து போன மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளின் எண்ணிக்கையைப் பாராமல் தரத்தைப் பார்க்கும்படி சொல்லிவிட்டது.

இறந்தவர் என் தம்பி; உறவினர் சாட்சி எடுபடுமா? எடுபடும், உறவு ஒன்றே ஒதுக்கக் காரணமாகாது, கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

ஆம், இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னால்? அவ்விதம் சொல்லமுடியாத கேள்வியாயின் நீதிபதியை நோக்கி, விளக்க அனுமதி கேளுங்கள்.

பதில் சொன்னால் நானே குற்றத்தில் மாட்டிக்கொள்வேனே? நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுக்கமுடியாது. ஆனால் நிர்ப்பந்தத்தினால் சொன்ன அந்தப் பதிலை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது, பொய்ச் சாட்சிய வழக்கு ஒன்றைத் தவிர.

அறுபது வயதைத் தாண்டியவளை நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள்? எந்த வயதுப் பெண்ணையும், அறுபதைத் தாண்டிய ஆணையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்கவேண்டும். நீங்களாக இசைந்தால் போகலாம்.

மிரட்டுகிறார்கள்? 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலுள்ள குழுவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். காகிதத்தில் திட்டம் விசாலமாகத்தான் இருக்கிறது.

பஸ் செலவு? கேட்டால் நீதிமன்றம் உத்தரவிடலாம், கேளாதவர்க்குக் கிடைத்ததில்லை.

நீதிமன்றத்திலேயே நான் சொன்னதைத் தவறாக எழுதிவிட்டால்? சாட்சியம் முடிந்ததும் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும், பிழையென்று நீங்கள் சொன்னால் நீதிபதி திருத்தவேண்டும், அல்லது உங்கள் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். நேரமாகிவிட்டது என்று பென்ச் கிளார்க் வெறுமே பேனாவை நீட்டினால், வாசிக்கும்படி கேளுங்கள்.